மழை மண்ணின் கொச்சி

இலங்கையின் இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் அதில் கால் பங்கு கிடைத்தாலே அது நல்ல வருடம். இரத்தினபுரி அடங்கிய சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஊரில் விட்டுவந்த மிளகாய் வெயிலுக்கு உரியது. வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி விதைத்து, மாசி பங்குனியில் பழுக்கவிட்டு, களத்தில் பரப்பிக் காயவைத்து, மூட்டை கட்டி வருடம் முழுவதும் வைத்துக்கொள்ளும் மிளகாய் அது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் அந்தக் குலத்தைச் சேர்ந்தது. உருண்டை வடிவம், தடித்த பளபளப்பான தோல், கரிசல் மண், மானாவாரிச் சாகுபடி.

அந்த மிளகாயைச் சப்ரகமுவவின் எட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ நட்டால் செடி முளைக்கும், பூக்கும், காய்க்கும். காய் சிவக்கத் தொடங்கும் வேளையில் மழை பிடித்துக்கொள்ளும். பழத்தில் பாதி செடியிலேயே அழுகிவிடும். தப்பியதைப் பறித்து உலர்த்தப் போட்டால் காய்வதற்கு முன் பூஞ்சணம் பூத்துவிடும். அதனால்தான் தோட்டத்து அடுப்படியில் இரண்டு மிளகாய்கள் குடியிருக்கின்றன. ஒன்று, கடையில் நிறுத்து வாங்கும் செத்தல் மிளகாய். இன்னொன்று, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பின்பக்கம், கழிவு நீர்க் கானோரம், கொய்யா மரத்தடியில் யாரும் நடாமலே நிற்கும் கொச்சி.

கொச்சியை ஏழைகளின் மிளகாய் என்று ஒதுக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. செத்தல் வாங்கக் காசில்லாத நாளில் கைகொடுக்கும் மாற்று என்ற அளவில்தான் பலரும் அதை மதிக்கிறார்கள். ஆனால் மிளகாய்ச் செடியின் இயற்கை வரலாற்றைப் படிக்கப் படிக்க வேறொரு எண்ணமே வலுப்படுகிறது. நனைந்த மலைச்சரிவில் நிற்கத் தகுந்த மிளகாய் கொச்சிதான். அதன் சின்ன உருவம், வானம் பார்த்த காய், சுள்ளென்ற காரம் ஆகிய மூன்றுக்கும் காரணம் உண்டு.

ஒரே மாவட்டத்தில் இரண்டு மிளகாய்

முதலில் செத்தல் மிளகாயின் கணக்கைப் பார்த்துவிடுவோம். இலங்கை தின்னும் செத்தல் மிளகாயில் மிகப் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிறது. 1970களில் இறக்குமதிக்குத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்து விவசாயிகள் மிளகாயாலும் வெங்காயத்தாலும் கல்வீடு கட்டினார்கள். 1977இல் சந்தை திறந்ததும் அந்தப் பயிர் சரிந்தது. அதே எழுபதுகளின் நடுவில் தோட்டப்புறங்களில் பசியால் மக்கள் செத்தார்கள். ஒரு பகுதியின் செழிப்பும் இன்னொரு பகுதியின் பட்டினியும் ஒரே கொள்கையின் கீழ் நடந்தன என்பதை மிளகாயின் கதையைச் சொல்லும்போது மறைக்கக்கூடாது.

நாட்டுக்குள் விளையும் மிளகாய் உலர்வலயத்துக்குரியது. அனுராதபுரம், புத்தளம், மொனராகலை, வவுனியா, கிளிநொச்சி எல்லாம் மிளகாய் மாவட்டங்கள். விவசாயத் திணைக்களத்தின் மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எம்.ஐ.1, எம்.ஐ.2, எம்.ஐ. கிரீன் ஆகியவையும் கே.ஏ.2, கல்கிரியாகம தெரிவு போன்றவையும் அந்தக் காய்ந்த மண்ணுக்காகப் பொறுக்கி எடுத்த இனங்கள். உள்நாட்டிலேயே உருவாக்கிய முதல் கலப்பின மிளகாயான எம்.ஐ.சி.எச். எச்.வை.1 கூட அங்கிருந்துதான் வந்தது.

இரத்தினபுரி மாவட்டத்துக்குள்ளேயே இந்த எல்லைக்கோட்டைக் காணலாம். மாவட்டத்தின் தெற்கு மூலையில் உள்ள எம்பிலிப்பிட்டிய, உடவளவ நீர்த்தேக்கத்தின் பாசனத்தை நம்பியிருக்கும் காய்ந்த நிலம். அங்கே எம்.ஐ.2 நன்றாக வரும். அங்கிருந்து பஸ் ஏறிப் காவத்தை, பெல்மதுளை என்று மலைப்பக்கம் வந்தால் வெயிலின் மிளகாய் பின்வாங்கிவிடும்.

பூவைப் பார்த்து இனம் சொல்லலாம்

உலகில் மனிதர் பழக்கி எடுத்த மிளகாய் இனங்கள் ஐந்து. கடைத்தெருவில் கிடைக்கும் நூறு வடிவங்களும் பெரும்பாலும் அவற்றில் மூன்றுக்குள் அடங்கிவிடும். காயின் நீளத்தையும் நிறத்தையும் பார்த்து இனம் சொன்னால் ஏமாறுவோம். பூவைப் பார்க்க வேண்டும்.

பச்சை மிளகாய், செத்தல், கறிமிளகாய், குடைமிளகாய் நான்கும் கப்சிகம் அன்னூம் என்ற ஒரே இனம். கணுவுக்கு ஒரு பூ, இதழ் பால் வெள்ளை, காய் பெரும்பாலும் கீழ்நோக்கித் தொங்கும். கொச்சி கப்சிகம் ஃப்ருடசென்ஸ். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் காந்தாரி என்று சொல்வதும் இதைத்தான். இதழில் லேசான பச்சை ஓடும். காம்பு நிமிர்ந்து நிற்கும், காயும் நிமிர்ந்தே நிற்கும். பழுத்த காயை விரலால் தொட்டால் புல்லிவட்டத்தைச் செடியிலேயே விட்டுவிட்டுக் கழன்று கையில் வரும். மூன்றாவது கப்சிகம் சைனென்ஸ். ஒரு கணுவிலிருந்து இரண்டு மூன்று பூக்கள் வரும். காம்பு காயோடு சேரும் இடத்தில் நூல் கட்டியதுபோல் ஒரு வளையம் இறுகியிருக்கும். சிங்களத்தில் நைமிரிஸ் என்று சொல்லி நம்மவரும் அப்படியே எடுத்துக்கொண்ட சுருக்கத்தோல் மிளகாய் இந்தக் கூட்டம். அசாமின் பூத் ஜொலோகியாவும் மெக்சிகோவின் ஹபனேரோவும் அதன் உறவினர்.

எல்லாமே தென், நடு அமெரிக்காவின் பிள்ளைகள். எக்குவடோரில் அகழ்ந்தெடுத்த அரைகற்களிலும் பானைத் துண்டுகளிலும் மிளகாயின் மாவுத்துகள்களைக் கண்ட லிண்டா பெர்ரியின் குழு, அங்கு 6,000 ஆண்டுகளுக்கு முன்பே மிளகாய் சமைத்தார்கள் என்று 2007இல் எழுதியது. நம் பக்கம் அது போர்த்துக்கேயரோடு 16ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதுவரை நம் காரம் மிளகும் திப்பிலியும் இஞ்சியும் கொடுத்த காரம். மனிதர் பழக்கிய தாவரங்கள் எல்லாவற்றுக்கும் நடந்தது மிளகாய்க்கும் நடந்தது. காய் பெருத்தது, தலை கவிழ்ந்தது, பழுத்தாலும் உதிராமல் செடியிலேயே இருந்தது. கொச்சியில் இந்த மாற்றங்கள் பாதி வழியில் நின்றுவிட்டன. சிறியதாக, நிமிர்ந்து, எளிதில் கழன்றுவிடும் காயோடு, அது இன்னும் காட்டுச் செடியின் குணத்தை வைத்திருக்கிறது. அந்தக் குணம் யாருக்காக என்பதுதான் இனி வரும் கதை.

குருவிக்கும் குரங்குக்கும் உள்ள வேறுபாடு

சப்ரகமுவத் தோட்டங்களில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களின் பெரிய தலைவலி குரங்கும் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும். மரவள்ளியைக் கிளறுகின்றன, வாழையை முறிக்கின்றன, பிஞ்சுத் தேங்காயைப் பிடுங்கி எறிகின்றன. கொச்சிச் செடியை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஆனால் கொண்டைக்குருவி வந்து பழுத்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் போகிறது.

1997இல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம், காரம் நம் நரம்பைத் தொடும் வாசலைக் கண்டுபிடித்தது. இன்று டி.ஆர்.பி.வி.1 என்று அழைக்கப்படும் அந்தப் புரதம், ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் திறந்து மூளைக்கு ‘சுடுகிறது’ என்று செய்தி அனுப்பும். மிளகாயின் காரப்பொருளான கப்சேசினும் அதே வாசலைத் திறக்கிறது. நாக்கில் புண் எதுவும் இல்லை, சூடும் இல்லை. ஆனாலும் நெருப்புப் பட்டதாகவே உடல் நம்பி வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காகவும் அதைத் தொடர்ந்த பணிக்காகவும் ஜூலியஸ் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளுக்கும் இந்தப் புரதம் உண்டு. ஆனால் 2002இல் ஜூலியஸும் ஸ்வென் எரிக் ஜோர்ட்டும் கோழியின் புரதத்தை எடுத்துப் பார்த்தபோது, அது சூட்டுக்குத் திறந்தது, கப்சேசினுக்குத் திறக்கவில்லை. குருவிக்குக் கொச்சி ஒரு சிவப்புப் பழம், அவ்வளவுதான்.

செடிக்கு இதில் என்ன லாபம்? 2001இல் ஜோஷுவா டுக்ஸ்பரியும் கேரி நப்ஹானும் அரிசோனாவின் காட்டு மிளகாய்ச் செடிகளைக் கண்காணித்தார்கள். எலிகள் தொடவில்லை, பறவைகள் தின்றன. பிறகு காரமே இல்லாத ஒரு மிளகாயை எலிகளுக்கும் பறவைகளுக்கும் கொடுத்தார்கள். பறவையின் வயிற்றைக் கடந்த விதைகள் வழக்கம்போல் முளைத்தன. எலி மென்று தின்ற விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பல்லால் அரைப்பவனை விரட்டி, முழுதாக விழுங்கிப் பறப்பவனை வரவேற்கும் ஏற்பாடு காரம். பழம் தின்ற குருவி அடுத்து உட்காரும் கொய்யாக் கிளைக்குக் கீழேயும் வேலியோரத்திலும் கன்று முளைப்பதற்குக் காரணம் இதுதான். நிமிர்ந்து நிற்கும் காய் குருவியின் கண்ணுக்குத் தெரிகிறது. தொட்டதும் கழன்று வருவதால் குருவிக்குச் சிரமமில்லை.

ஈரம் கேட்கும் காரம்

குருவிக் கதை பாதிதான். இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியது மற்றப் பாதி.

பொலிவியாவில் கப்சிகம் சகோயென்சே என்றொரு காட்டு மிளகாய் வளர்கிறது. அதில் ஒரு விந்தை: ஒரே இனத்துக்குள், ஒரே இடத்தில்கூட, சில செடிகள் காரம், சில செடிகளில் துளிக் காரமும் இல்லை. டுக்ஸ்பரியும் கூட்டாளிகளும் அங்கே பல ஆண்டுகள் வேலை செய்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காய்களில் மூட்டைப்பூச்சி வரிசையைச் சேர்ந்த பூச்சிகள் குத்திச் சாறு உறிஞ்சுகின்றன. அந்தத் துளை வழியே பியூசேரியம் என்ற பங்கசு உள்ளே போய் விதையைக் கொல்கிறது. கப்சேசின் மிகுந்த காய்களில் அந்தப் பங்கசு சரியாக வளர முடியவில்லை. பூச்சிக்குத்து அதிகமான ஊர்களில் காரச் செடிகளும் அதிகமாக இருந்தன.

அப்படியானால் எல்லாச் செடிகளும் ஏன் காரமாக மாறிவிடவில்லை? டேவிட் ஹாக் உள்ளிட்ட அதே வட்டத்தினர் 2012இல் விடை சொன்னார்கள். காரத்துக்கு விலை தண்ணீர். காரமில்லாத செடிகளின் இலைகளில் இலைவாய்கள் குறைவு. அவை நீரைச் சிக்கனமாகச் செலவழிக்கின்றன. தண்ணீரைக் குறைத்து வளர்த்தபோது காரச் செடிகள் கொடுத்த விதை, காரமில்லாத செடிகள் கொடுத்ததில் ஏறத்தாழ பாதிதான். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் இந்தப் பின்னடைவு இல்லை. வறண்ட இடத்தில் பங்கசு குறைவு, காரத்தால் ஆதாயமும் குறைவு. ஈரமான இடத்தில் பங்கசு அதிகம், தண்ணீருக்கும் பஞ்சமில்லை, எனவே காரம் செடிக்குக் கட்டுப்படியாகிறது.

பொலிவியாவின் காட்டு மிளகாய்க்குக் கண்டதைக் கொச்சிக்கு அப்படியே ஒட்டிவிடக்கூடாது. இனம் வேறு, நிலம் வேறு. ஆனாலும் ஒரு மழைநாட்டில் மனிதர் பெரிதாகப் பராமரிக்காத மிளகாய், சிறியதாகவும் கடுங்காரமாகவும் இருப்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கப்சேசினைச் செடி மனிதர் நாக்குக்காகச் செய்யவில்லை. தன் விதையைச் சுற்றிப் போட்ட காவலாகவே செய்தது. அந்தக் காவல் எங்கே நிற்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. காரம் விதையில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சுரப்பது விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய நடுச்சதையில். அங்கிருந்துதான் விதையின் மேல் பூசிக்கொள்கிறது. காரம் குறைய வேண்டுமானால் விதையைத் தட்டுவது போதாது, அந்த நடுச்சதையைக் கீறி எடுக்க வேண்டும்.

காரத்தை அளக்க வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் 1912இல் ஒரு முறை வகுத்தார். காரச்சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் எத்தனை மடங்கு கரைத்தால் நாக்கு காரத்தை உணராது என்று பார்த்தார். குடைமிளகாய்க்குச் சுழியம். கொச்சி போன்ற சிறுமிளகாய்களுக்குப் பொதுவாக 50,000 முதல் 1,00,000 வரை சொல்வார்கள். ஹபனேரோ 3,50,000 வரை போகும். பூத் ஜொலோகியா 2007இல் பத்து இலட்சத்தைத் தாண்டி உலகச் சாதனையானது. அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் போட்டிக்காக வளர்த்தவை; நம் சட்டிக்கு அவை தேவையில்லை.

நனைந்த மண்ணில் நடும் முறை

பல தோட்டக் குடியிருப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த காணி 7 பேர்ச், ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடும் அதற்குள்தான். லயத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை, முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு. அந்த இடத்தில் எம்.ஐ.2 போட்டு மருந்தடித்துக்கொண்டிருப்பதைவிட நான்கு கொச்சிச் செடிகள் மேல். அவை ஒரு போகத்தில் முடிந்துவிடாமல் சில ஆண்டுகள் நின்று காய்க்கும்.

சப்ரகமுவவின் சிவப்பு மஞ்சள் மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், மிளகாய்க்கு அவ்வளவாகப் பிடிக்காது. கன்று நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு தோட்டத்தில் பாவிக்கும் டொலமைட்டில் ஒரு பிடி குழியில் கலந்தால் புளிப்பு தணியும், கல்சியமும் கிடைக்கும். கல்சியம் குறைந்தால் கறிமிளகாயின் நுனி கறுத்து அமுங்கும். பலர் அதை நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். மேட்டுப்பாத்தி கட்டாயம். மிளகாய் வேர் ஈரத்தைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது.

பெரிய எதிரி, மண்ணில் வாழும் ரால்ஸ்டோனியா என்ற பற்றீரியா. நேற்றுவரை பச்சையாக நின்ற செடி இன்று நடுப்பகலில் துவண்டு, இலை மஞ்சளாகாமலே சாகும். சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். தண்டின் அடிப்பகுதியைக் குறுக்கே வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெண்மையான இழை புகைபோல் இறங்கினால் அது பற்றீரியாதான். மருந்து கிடையாது. செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு எதையும் சில ஆண்டுகள் நடாமல் விட வேண்டும். அவை எல்லாம் ஒரே குடும்பம், ஒரே நோய்.

பழத்தில் வட்ட வட்டமாகக் குழி விழுந்து அழுகுவது வேறு கதை. அது கொலட்டோட்ரிகம் என்ற பங்கசு. மழைத்துளி மண்ணில் தெறித்து அதைக் காய்க்குக் காய் கொண்டுபோகும். அடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பினால் தெறிப்பு குறையும். கப்சேசின் இந்தப் பங்கசை முற்றாகத் தடுப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இதை எதிர்த்து நிற்கும் குணத்தைத் தாய்வானிலுள்ள உலக மரக்கறி நிலையத்தின் விஞ்ஞானிகள் தேடியபோது, அது பச்சை மிளகாய்க் கூட்டத்தில் கிடைக்கவில்லை. கப்சிகம் பக்காட்டம் என்ற இன்னொரு இனத்திலும், நைமிரிஸ் சேர்ந்த சைனென்ஸ் இனத்திலும்தான் கிடைத்தது. வீட்டுக்கொல்லையில் கவனிப்பாரற்று நிற்கும் ஒரு செடி, நாளைய வயல் மிளகாயைக் காப்பாற்றும் குணத்தை வைத்திருக்கலாம்.

கறிமிளகாய்க்கு ஆசைப்படுகிறவர்கள் திணைக்களத்தின் சி.ஏ.8, ஹங்கேரியன் யெலோ வெக்ஸ் இரண்டையும் முயலலாம். மழை குறைந்த மாதங்களைப் பார்த்து நடுங்கள். பழுக்க விடாமல் காயாகவே பறித்துவிடுங்கள்.

உலர்த்துவதில் உள்ள ஆபத்து

மேட்டுநிலத் தோட்டங்களில் சிலர் பழுத்த மிளகாயை அடுப்புக்கு மேலுள்ள பரணில் போட்டுப் புகையில் காயவைக்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் முழுதாகக் காய வேண்டும். கையில் நொறுக்கினால் சத்தம் வர வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த மிளகாயில் அஸ்பெர்ஜிலஸ் என்ற பங்கசு வளர்ந்து அஃப்லடொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். ஈரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நஞ்சு அது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ மிளகாயில் அந்த நஞ்சின் முக்கிய வகையை 5 மைக்ரோகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்து, வறுத்து, தூளாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பது தவறு. சமையல் சூட்டில் அந்த நஞ்சு அழிந்துபோகாது. எறிந்துவிடுங்கள். மழைக்காலக் கொச்சியைக் காயவைக்க முயலாமல் வினாகிரியிலோ, உப்பும் தேசிக்காய்ச் சாறுமாகவோ போத்தலில் போட்டுவைப்பதே இந்த மண்ணுக்குப் பொருந்தும். புளிப்பில் பெரும்பாலான கிருமிகள் வாழ்வதில்லை.

அடுப்படியில்

சம்பலுக்குச் செத்தலும் கொச்சியும் ஒன்றல்ல. கட்டச்சம்பலின் சிவப்பும் வறுத்த வாசமும் செத்தலிடம் மட்டுமே உண்டு. அவித்த மரவள்ளிக்கும் ஈரப்பலாக்காய்க்கும் அது வேண்டும். கொச்சி பச்சையாக இடிபட வேண்டியது. தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், உப்பு, இரண்டு கொச்சி, கடைசியில் தேசிக்காய். நைமிரிஸில் காரத்தைவிட வாசம் பெரிது, பழ வாசம். முழுதாகவே பருப்புக் கறியில் மிதக்கவிட்டு, உடையாமல் எடுத்துவிட்டால் வாசம் கறியில் இறங்கும், காரம் பெரும்பகுதி காய்க்குள்ளேயே நிற்கும்.

கப்சேசின் தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். தேங்காய்ப்பால் சேர்த்த கறியில் அதே அளவு மிளகாய் சாதுவாகத் தெரிவதும், வாய் எரியும்போது தண்ணீர் குடித்தால் எரிச்சல் பரவுவதும் இதனால்தான். பால், தயிர், தேங்காய்ப்பால் ஏதாவது ஒரு மிடறு போதும். கொச்சி நறுக்கிய கை எரிந்தால் முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சவர்க்காரம் போடுங்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன் இதைச் செய்ய மறக்கவேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் செண்ட் ஜியோர்ஜி விற்றமின் சியைக் கிலோக்கணக்கில் பிரித்தெடுத்தது மிளகாயிலிருந்துதான். 1937இல் நோபல் பெற்றார். 100 கிராம் பச்சை மிளகாயில் விற்றமின் சி 100 மில்லிகிராமுக்கு மேல், அதே எடை எலுமிச்சையில் ஏறத்தாழ 50. காயவைத்தால் பெரும்பகுதி போய்விடும். தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலப் பிரச்சினை. காலையில் ரொட்டியும் அதோடு சாயத்தண்ணியும் வழக்கம். தேயிலையின் துவர்ப்புப் பொருள் தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. விற்றமின் சி அதற்கு எதிர்மாறாக இரும்பைச் சேர்த்துவிடுகிறது. இரண்டு கொச்சி தரும் விற்றமின் சிறிதுதான். பச்சைச் சம்பலில் தேசிக்காய் தாராளமாகப் பிழிந்து, தேநீரை ஒரு மணிநேரம் தள்ளிக் குடித்தால் பலன் இருக்கும். இரும்பு மாத்திரைக்கு இது மாற்று அல்ல, அதற்குத் துணை.

விதை

பச்சை மிளகாய் விலை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிய நாட்களை இலங்கை பலமுறை கண்டுவிட்டது. மழை நாளில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, பால் வெட்டாத நாளில் நாட்சம்பளமும் கேள்விக்குறி. விலை ஏறுவதும் பெரும்பாலும் அதே மழைக்காலத்தில். அப்போது காய்த்து நிற்கும் செடி கொச்சி.

ஆகவே விதையை எடுங்கள். நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் செடியாகப் பாருங்கள். தேனீக்கள் மிளகாய்ப் பூக்களுக்கிடையே மகரந்தத்தைக் கொண்டு போவதால் பக்கத்தில் வேறு மிளகாய் இருந்தால் கலப்பு நேரலாம். மொட்டாக இருக்கும்போதே ஒரு கிளைக்கு மெல்லிய துணிப்பை கட்டி, காய் பிடித்ததும் பையைக் கழற்றி நூலால் அடையாளம் வையுங்கள். செடியிலேயே நன்றாகச் சிவந்த பழத்தைப் பிளந்து, விதையைக் கழுவி, நிழலில் காயவையுங்கள். வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடி போட்ட போத்தலில் இறுக மூடினால், அரிசி ஈரத்தை உறிஞ்சி விதையைக் காக்கும். இரண்டு ஆண்டுக்குள் விதைத்துவிடுங்கள். கொச்சி முளைக்கத் தாமதிக்கும், இரண்டு மூன்று வாரம் பொறுத்திருங்கள். கடையில் வாங்கும் கலப்பின மிளகாயின் விதையை இப்படிச் சேமித்தால் அடுத்த தலைமுறை தாய்போல் வராது. கொச்சி தாயின் குணத்தோடு வரும்.

பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில் விவசாயத் திணைக்களத்தின் தாவர மரபணு வள நிலையம் இருக்கிறது. நாட்டுப் பயிர்களின் விதைகளைக் குளிர் அறையில் பாதுகாப்பது அதன் வேலை. ஒவ்வொரு தோட்டத்திலும் கொச்சி கொஞ்சம் வேறுபடுகிறது: ஒன்று வெள்ளையாகக் காய்த்துச் சிவக்கும், ஒன்று பச்சையாகக் காய்த்துச் சிவக்கும், சில இடத்தில் காய் நீளம், சில இடத்தில் பயறளவு. ரப்பரைப் பிடுங்கி வேறு பயிர் நடும் இடங்களிலும் லயங்களை இடித்து வீடு கட்டும் இடங்களிலும் இந்தச் செடிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தோட்டப் பாடசாலைகளின் விவசாய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களை அனுப்பி அவரவர் லயத்தின் கொச்சியைப் பழத்தோடு கொண்டுவரச் சொல்லுங்கள். செடியின் உயரம், பூவின் நிறம், காயின் நீளம், எத்தனை ஆண்டாக நிற்கிறது, வீட்டில் யார் நட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். ஒரு பங்கு விதையைப் பள்ளியில் வையுங்கள், ஒரு பங்கைக் கன்னொருவைக்கு அனுப்புங்கள், மீதியை அடுத்த லயத்துக்குக் கொடுங்கள்.